கழட்டுறவனுக்கு ஒரு வழி

மண்டகப்பட்டில் சித்தி வீட்டுக் குளியலறையில் எக்ஸாஸ்ட் ஃபேன் நின்றுபோய் ஒரு மழைக்காலம் முடிந்திருந்தது. சுவர் மூலையெல்லாம் கறுப்புப் பூஞ்சை. சித்திக்கு வீசிங் உண்டு. குளித்துவிட்டு வந்தால் அரைமணி நேரம் கட்டிலில் உட்கார்ந்து மூச்சு வாங்குவார். “ஒரு ஃபேனுதானப்பா, மாத்திக் குடுத்துட்டுப் போ” என்றார். ஆறு அங்குல ஃபேன், நாலு ஸ்க்ரூ. பத்து நிமிட வேலை என்றுதான் நானும் நினைத்தேன்.

ஆனால் அதைத் தொடவே முடியவில்லை. காரணம் நான்தான். சில வருடங்களுக்கு முன் வீட்டை எடுத்துக் கட்டியபோது, “மேல இடம் சும்மாதானே கெடக்கு” என்று குளியலறைக்குள் லாஃப்ட் போடச் சொன்னவன் நான். லாஃப்டுக்கும் கூரைக்கும் நடுவே ஒன்றரை அடி. அதன் கடைசியில் ஃபேன். லாஃப்டின் வாயைப் பாதி மறைத்தபடி கீசர். வெளிப்பக்கமிருந்து எட்டலாம் என்றால் பக்கத்து வீட்டுச் சுவர் இடிக்கிறது, ஏணி சாய்க்க இடமில்லை. எலக்ட்ரீஷியன் தம்பி வந்து அண்ணாந்து பார்த்தான். “சாயங்காலம் வர்றண்ணா” என்று போய்விட்டான்.

காத்திருந்த நேரத்தில் குடைவரைப் பக்கம் நடந்தேன். செஞ்சிக்கும் விழுப்புரத்துக்கும் இடைப்பட்ட இந்தச் சின்ன ஊரை வரலாற்றுப் புத்தகங்களுக்குள் கொண்டுபோனது அந்த ஒற்றைப் பாறைதான். 7ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முதலாம் மகேந்திரவர்மன் குடைவித்தது. முன்னால் கனத்த தூண்கள், இரு ஓரமும் வாயில்காவலர்கள், உள்ளே பிரம்மா, சிவன், விஷ்ணு மூவருக்குமாக மூன்று அறைகள். அறைகள் இப்போது வெறுமை. விசித்திரசித்தன் என்ற தன் பட்டப்பெயரில் அரசன் அங்கே ஒரு வடமொழிக் கல்வெட்டு வெட்டி வைத்திருக்கிறான். செங்கல் இல்லை, மரம் இல்லை, உலோகம் இல்லை, சுதை இல்லை, இவை எதுவும் இல்லாமல் இந்தக் கோயிலை எடுத்தேன் என்பது அதன் சாரம்.

பள்ளிக்கூடத்தில் இதைப் பெருமையாகப் படித்திருக்கிறோம். அந்தப் பட்டியலை அன்றைக்குத்தான் வேறு மாதிரி படித்தேன். அரசன் ஒதுக்கிய நான்கும் பராமரிப்பு கேட்கிற பொருட்கள். செங்கல் பொரியும், மரம் செல்லரிக்கும், உலோகம் துருப்பிடிக்கும், சுதை உதிரும். மறுபடி எவனும் ஏறி வந்து கை வைக்கத் தேவையில்லாத கட்டடம் என்பதுதான் அங்கே சொல்லப்படும் பெருமை. ஆனால் உலோகம் இல்லாமல் அந்தப் பாறையைக் குடைந்திருக்க முடியுமா? கோயிலில் இரும்பு இல்லை, சரி. கோயிலை உண்டாக்கிய உளியில் இருந்தது. மழுங்க மழுங்க அதைக் காய்ச்சி அடித்துக் கூராக்கித் தந்த கொல்லர்களும் இருந்திருக்க வேண்டும். அரசனின் பட்டப்பெயர் கல்லில் இருக்கிறது. உளி பிடித்தவன் பெயர் அங்கே இல்லை.

காற்றின் வரலாற்றிலும் இதே கதைதான். சிலப்பதிகாரத்தில் சன்னலுக்குக் ‘காலதர்’ என்று ஒரு சொல் வருகிறது. கால் என்றால் காற்று, அதர் என்றால் வழி. வழியை விட்டுவிட்டால் காற்று தானே வந்து போகும். தானே வராத இடத்தில் யாராவது ஓர் ஆள் அதைத் தள்ள வேண்டும். 1736இல் லண்டன் நாடாளுமன்றத்தின் புழுக்கத்தைப் போக்க தெசகுலியே என்ற விஞ்ஞானி மேல்பரணில் ஒரு சக்கர விசிறியை வைத்தார். அதைக் கையால் சுற்றியது ஓர் ஆள். அந்த ஆளைத்தான் அவர் ‘வென்டிலேட்டர்’ என்று அழைத்தார். இன்றைக்கு நம் வீடுகளில் கதவுக்கு மேலிருக்கும் சின்னத் திறப்புக்கு அதே பெயர். வெள்ளைக்காரத் துரைகளின் அறைகளில் பங்காக் கயிற்றை இழுத்தவர்கள் பெரும்பாலும் அறைக்கு வெளியேதான் உட்கார்ந்திருந்தார்கள். காற்று உள்ளே, கை வெளியே.

செஞ்சிக் கோட்டையின் கல்யாண மகாலை யோசித்துப் பார்த்தேன். 2025இல் யுனெஸ்கோ பட்டியலில் இடம்பிடித்த கோட்டை அது. மகாலின் மேல் மாடிகளுக்குச் சுடுமண் குழாய் வழியாகத் தண்ணீர் ஏறியிருக்கிறது. இன்று வளைவுத் திறப்புகளில் காற்று அடிக்கிறது, குழாயில் தண்ணீர் இல்லை. திறப்புக்கு ஆள் வேண்டாம். குழாய்க்கு அடைப்பெடுக்க, உடைந்ததை மாற்ற ஆள் வேண்டும். ஆள் போனதும் அது செத்துவிட்டது. நம் கோயில்கள் இதைப் புரிந்து வைத்திருக்கின்றன. பன்னிரண்டு வருடத்துக்கு ஒருமுறை சாரம் கட்டி, சுதையைச் செப்பனிட்டு, கும்பாபிஷேகம் செய்வது வழக்கம். கெடும் என்பதை ஒத்துக்கொண்ட ஏற்பாடு அது.

சாயங்காலம் தம்பி வந்தான். எம்.சி.பி.யை இறக்கி, டெஸ்டர் வைத்துப் பார்த்துவிட்டு, கீசரை ஒட்டிப் பக்கவாட்டில் உடம்பை நுழைத்துக் குப்புறப் படுத்தபடி உள்ளே நகர்ந்தான். ஸ்க்ரூ நாலும் துரு. மூன்று வந்துவிட்டது. நாலாவதுக்குக் கையைத் திருப்பியபோது தோள் கூரைக்கும் லாஃப்டுக்கும் நடுவே மாட்டிக்கொண்டது. “அண்ணா, அசைய முடியல” என்றான். குரல் மாறியிருந்தது. நான் ஸ்டூல் மேல் நின்று அவன் காலைப் பிடித்துக்கொண்டு, “மூச்ச மெதுவா வுடுப்பா” என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தேன். சித்தி கதவருகே கையைப் பிசைந்தபடி நின்றார். சில நிமிடங்கள்தான் இருக்கும். மூச்சை முழுக்க வெளியே விட்டு உடம்பைச் சுருக்கி ஒருவழியாகப் பின்னால் வந்தான். முழங்கையில் தோல் உரிந்து ரத்தம்.

சித்தி கொடுத்த காப்பியைக் குடித்துவிட்டு, கோபமில்லாமல்தான் சொன்னான்: “வெக்கிறப்பவே கயட்டுறவன கொஞ்சம் நெனச்சிருக்கலாம்ணா.”

மறுநாள் கொத்தனாரைக் கூப்பிட்டு, கீசரைக் கழட்டி வேறு சுவரில் மாட்டி, லாஃப்டில் பாதியை இடித்தோம். சித்தியின் பித்தளை அண்டாக்களுக்கு இடம் போயிற்று. இப்போது ஏணி போட்டு நின்றால் ஃபேன் நேராகக் கைக்கு வருகிறது. புது ஃபேனை மாட்டிய தம்பி, கதவின் அடியில் முக்கால் அங்குலம் அறுக்கச் சொன்னான். உள்ளே காற்று நுழைய வழியில்லையென்றால் ஃபேன் எதை வெளியே தள்ளும் என்று கேட்டான். நியாயம்தான்.

கடைசியில் மார்க்கர் கேட்டு வாங்கி ஃபேனின் ஓரத்தில் அன்றைய தேதியை எழுதினான். பெயரையும் எழுதச் சொன்னேன். சிரித்தான். “பேரு எதுக்குண்ணா? அடுத்து கயட்டுறவனுக்குத் தேதி தெரிஞ்சாப் போதும்.”