பதவி துறந்த பேராசிரியர்: றிச்சட் வில்ஸ்ரேற்றரின் கல்விப்பணி

விஞ்ஞானிகளின் வாழ்க்கை வரலாறுகளிற் பரிசுகள் விரிவாகப் பேசப்படுவதும், பதவி விலகல்கள் ஓரிரு வரிகளில் ஒதுக்கப்படுவதும் வழக்கம். ஜேர்மனிய சேதன இரசாயனவியலாளரும் உயிரிரசாயன ஆய்வாளருமான றிச்சட் வில்ஸ்ரேற்றரைப் (1872-1942) பொறுத்தவரை இவ்வழக்கத்தைத் தலைகீழாக்குவதே பொருத்தமென நாம் கருதுகிறோம்.

கார்ல்ஸ்ரூவ நகரில் யூதக் குடும்பமொன்றிற் பிறந்த அவர், கொக்கெயினின் அமைப்புப் பற்றிய ஆய்வுக்காக 1894இல் மியூனிச் பல்கலைக்கழகத்திற் கலாநிதிப் பட்டம் பெற்றார். அங்கு இரசாயனப் பேராசிரியராயிருந்த அடோல்ப் வொன் பேயர், மதம் மாறும்படி அவருக்கு ஆலோசனை கூறினார். பேயர் தீயநோக்குடையவரல்லர், அவருடைய தாயாரும் யூத குலத்திற் பிறந்தவரே. பல்கலைக்கழகத்தின் எழுதாச் சட்டத்தை அவர் அறிந்திருந்தார், அவ்வளவே. வில்ஸ்ரேற்றர் மறுத்தார். முழுநிலைப் பேராசிரியர் பதவி 1905இல், நாட்டுக்கு வெளியே, சூரிச்சிலேயே அவருக்குக் கிட்டியது.

சூரிச்சில் அவர் ஆற்றிய பணியே அவரது புகழுக்கு அடித்தளம். இருநூறுக்கும் மேற்பட்ட தாவரங்களை ஆராய்ந்து, அவற்றின் பச்சையம் ஒன்றே என்பதையும், மகனீசியம் அதன் மூலக்கூற்றின் பிரிக்கவியலாத கூறு என்பதையும் நிறுவினார். 1912இல் பெர்லினுக்கு அழைக்கப்பட்டு, மலர்களின் நிறப்பொருள்களை ஆராய்ந்தார். 1915இல் நோபல் பரிசு வழங்கப்பட்டது. போர்க்காலத்தில் நச்சுவாயு முகமூடிக்கான வடிகட்டியை அமைத்துக் கொடுத்தவரும் அவரே. அத்தேசம் அவருக்குச் செய்த கைம்மாற்றை இனிக் காண்போம்.

1916இல் பேயரின் இடத்துக்கே மியூனிச் திரும்பிய அவர், நொதியங்களைத் தூய்மைப்படுத்தும் ஆய்வில் ஈடுபட்டார். நொதியம் புரதமன்று என அவர் கொண்ட முடிவு தவறானது. 1926இல் அமெரிக்கரான ஜேம்ஸ் சம்னர் யூரியேசைப் பளிங்காகப் பெற்று அது புரதமே எனக் காட்டினார். எனினும் அவரது பெருமதிப்பினால் அத்தவறு சில ஆண்டுகள் நிலைபெற்றது. அறிவுலகில் அதிகாரம் செய்யும் தீங்கு இதுவாகும்.

1924இல் கனிப்பொருளியற் பேராசிரியர் பதவி வெற்றிடமானபோது, ஒஸ்லோவைச் சேர்ந்த விக்டர் கோல்ட்ஸ்மித்தை அவர் முன்மொழிந்தார். தகுதியை எவரும் மறுக்க முடியவில்லை; யூதரென்பதே தடையாயிற்று. அவமதிக்கப்பட்டவர் தாமல்லராயினும் வில்ஸ்ரேற்றர் பதவியைத் துறந்தார். அப்போது அவருக்கு வயது 51. நாசிகள் ஆட்சிக்கு வர இன்னும் ஒன்பது ஆண்டுகள் இருந்தன என்பதை நாம் கவனித்தல் வேண்டும்: கதவை அடைத்தவர்கள் காடையர்களல்லர், கற்றறிந்த பேராசிரியர்கள். மாணவரும் சகாக்களும் வேண்டியும் அவர் திரும்பவில்லை. வேறிடங்களிலிருந்து வந்த அழைப்புகளையும் ஏற்கவில்லை. தமது உதவியாளர் மார்கறேற் றோடெவால்ட் ஆய்வுகூடத்திற் செய்த பரிசோதனைகளைத் தொலைபேசி மூலமே நெறிப்படுத்தி வந்தார்.

1939இல், பழைய மாணவரான ஆதர் ஸ்ரோலின் உதவியுடன் சுவிற்சர்லாந்தை அடைந்த அவர், 1942இல் அங்கேயே மறைந்தார். கோல்ட்ஸ்மித் 1929இல் கொட்டிங்கன் பல்கலைக்கழகத்திற் பேராசிரியரானார். 1935இல் அப்பதவியைத் துறந்து நோர்வே திரும்பினார்.