பினாங்குத் தெருவின் பெட்டியடிப் பள்ளி



நம் நாட்டு இடைநிலைப் பள்ளிகளில் நான்காம், ஐந்தாம் படிவ மாணவர்கள் வணிகத்தையும் கணக்கியலையும் விருப்பப் பாடங்களாக எடுத்துப் படிக்கிறார்கள். பள்ளிக் கூட்டுறவுக் கழகத்தில் பங்கு வாங்கி, அதன் கடையில் நின்று பேனாவும் நோட்டும் விற்கிறார்கள். இருந்தாலும், வியாபாரம் பள்ளியில் சொல்லி வருவதா என்று கேட்பவர்கள் நம்மிடையே உண்டு. அது பிறவியில் வர வேண்டும், இரத்தத்தில் ஊற வேண்டும் என்பார்கள். அதற்கு அவர்கள் முதலில் காட்டும் உதாரணம் நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள்தாம்.

செட்டியார்களின் வரலாற்றைச் சற்று நெருங்கிப் பார்த்தால், அது இந்தக் கூற்றுக்கு நேர் எதிராக இருக்கிறது. தொழிலை அவர்கள் பிறவியிடம் ஒப்படைத்துவிட்டுச் சும்மா இருக்கவில்லை. ஒவ்வொரு தலைமுறைக்கும் அதைக் கண்டிப்போடு, படிப்படியாகக் கற்றுக்கொடுத்தார்கள். அந்தக் கல்வி நடந்த இடங்களில் ஒன்று இதே ஜோர்ஜ்டவுனில், பினாங்குத் தெருவில் இருந்தது. பெயர்ப்பலகை இல்லாத பள்ளிக்கூடம் அது.

பிரான்சிஸ் லைட் 1786ல் பினாங்கில் ஆங்கிலக் கொடியை ஏற்றினார். 1816ல் இங்கே பிரீ ஸ்கூல் தொடங்கியது. அதில் ஆங்கிலம் படித்துத் தேறியவர்கள் அரசாங்க அலுவலகங்களிலும் வெள்ளைக்காரர் கம்பெனிகளிலும் எழுத்தர்களாக அமர்ந்தார்கள். 19ஆம் நூற்றாண்டில் வந்து சேர்ந்த நகரத்தார் அந்த வழியில் போகவில்லை. 1857ல் தண்ணீர்மலையில் தண்டாயுதபாணிக்குக் கோயில் எழுப்பினார்கள். தைப்பூசத்துக்கு ஊர்வலம் வரும் வெள்ளிரதத்தை 1894ல் தமிழகத்திலிருந்து கொண்டு வந்தார்கள். கொடுக்கல் வாங்கலை மட்டும் பினாங்குத் தெருக் கிட்டங்கிகளில் வைத்துக்கொண்டார்கள்.

கிட்டங்கி என்றால் என்னவென்று இளைய நேயர்களுக்குச் சொல்ல வேண்டும். அது ஒரு நீண்ட கூடம். ஒரே கூரையின் கீழ் பல நிறுவனங்கள் இருக்கும். ஒவ்வொன்றுக்கும் ஒரு சிறிய இடம், ஒரு பாய், சரிந்த மூடியுள்ள ஒரு மரப்பெட்டி, பின்னால் ஓர் இரும்புப் பெட்டி. மரப்பெட்டிதான் மேசை, அதற்குள்தான் கணக்குப் புத்தகங்கள். பகலில் தொழில் நடக்கும் அதே இடத்தில் இரவில் பாய் விரித்துப் படுப்பார்கள். சமையல் பொதுவில் நடக்கும். பெட்டியின் அடியில் உட்கார்ந்து தொழில் பழகியதால் அங்கே வந்த சிறுவனுக்குப் பெட்டியடிப் பையன் என்று பெயர்.

அவனுடைய படிப்பு கப்பல் ஏறுமுன்பே தொடங்கிவிடும். செட்டிநாட்டுத் திண்ணைப் பள்ளியில் எண்சுவடியை மனப்பாடம் செய்திருப்பான். கால், அரை, முக்கால் நமக்குத் தெரியும். அவனோ அரைக்கால், வீசம், மா, காணி என்று இறங்கி, ஒன்றில் முந்நூற்றிருபதில் ஒரு பங்கான முந்திரி வரை வாய்ப்பாடு சொல்வான். முந்திரியையும் முந்நூற்றிருபதாகப் பங்கிட்டால் கீழ்முந்திரி. அதாவது 1,02,400ல் ஒரு பங்கு. இதெல்லாம் வீண் பாரம் என்று நினைக்கத் தோன்றும். ஆனால் வட்டிக்கணக்கு முழுவதும் பின்னங்களால் ஆனது. 240 வெள்ளிக் கடன், மாதம் நூற்றுக்கு ஒன்றேகால் வட்டி, 25 நாளில் திருப்பித் தருகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். மாதத்துக்கு மூன்று வெள்ளி என்றால் பத்து நாளுக்கு ஒரு வெள்ளி. எனவே இரண்டரை வெள்ளி. கடன்காரர் மடியிலிருந்து பணத்தை எடுத்து எண்ணி முடிப்பதற்குள் பையன் விடையைச் சொல்லிவிட வேண்டும்.

பத்துப் பன்னிரண்டு வயதிலேயே தொழில் பழகத் தொடங்கிவிடுவார்கள். கிட்டங்கியில் முதல் வேலை கூட்டுவதும் விளக்கேற்றுவதும் பெரியவர்களுக்குத் தண்ணீர் கொடுப்பதும்தான். பிறகு கடிதம் கொண்டுபோவது, தவணை வசூலுக்குப் பின்னால் நடப்பது, குறிப்பேட்டைப் படியெடுப்பது. படியெடுக்கும்போதுதான் உண்மையான பாடம் தொடங்குகிறது. அன்றாட வரவு, பற்று குறிப்பிலிருந்து பேரேட்டுக்குப் போகும்; பேரேட்டிலிருந்து ஐந்தொகைக்குப் போகும். ஐந்தொகை இன்று நாம் சொல்லும் இருப்புநிலைக் குறிப்பு. இலங்கைத் தமிழ்ப் பாடநூல்கள் அந்தப் பழைய சொல்லையே ஆண்டு வந்தன. நல்ல சொல், நாமும் அதைக் கைவிட்டிருக்க வேண்டியதில்லை.

பெட்டியடியிலிருந்து உயர்ந்தால் அடுத்தாள். அதற்கு மேல் மேலாள், அதாவது ஏஜெண்டு. முதலாளி செட்டிநாட்டில் இருப்பார். அதிகாரப் பத்திரம் ஏஜெண்டின் கையில் இருக்கும். அவருடைய தவணை பொதுவாக மூன்றாண்டு. சம்பளத்தில் ஒரு பகுதி முன்பணமாகக் கிடைக்கும். இலாபத்திலும் பங்கு உண்டு. தவணை முடிந்ததும் அடுத்த ஏஜெண்டு வந்து, ஒவ்வொரு கடனையும் பார்த்து, எது வரும், எது வராது என்று நிதானித்துக் கணக்கை ஏற்றுக்கொள்வார். இந்தப் பள்ளியின் தேர்வு அதுதான். கடன்காரரை நேரில் காட்டி, கணக்கை நிரூபிக்க வேண்டும். அதில் தவறியவருக்கு வேறு எந்த விலாசத்திலும் இடம் கிடைப்பது கடினம்.

பர்மாவில் 1929, 1930ஆம் ஆண்டுகளில் வங்கித் தொழிலை விசாரித்த அரசாங்கக் குழுவின் அறிக்கை, செட்டியார்களின் இந்த அமைப்பை விரிவாகப் பதிவு செய்திருக்கிறது. இரங்கூனில் அவர்கள் மாதந்தோறும் கோயிலில் கூடி நடப்பு வட்டியை நிர்ணயித்தார்கள். பெரியவர்கள் எதற்காக ஒரு வீசம் கூட்டினார்கள், எதற்காகக் குறைத்தார்கள் என்ற பேச்சைக் கேட்டு வளர்ந்த பையனுக்கு எந்தப் பாடநூலும் அதைவிடத் தெளிவாகச் சந்தையை விளக்கியிருக்க முடியாது.

இவ்வளவு புகழ்ந்த பிறகு மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். பன்னிரண்டு வயதுப் பிள்ளை தாயைப் பிரிந்து, விளையாட்டை மறந்து, பெட்டியடியில் உறங்கினான். பெண்பிள்ளைகளுக்கு அந்தக் கூடத்தில் இடமே இல்லை. பிற சாதியாருக்கும் அந்தப் படிப்பு திறந்திருக்கவில்லை. பணம் கொடுத்தவரின் பக்கத்திலிருந்தே அங்கே கணக்குப் பார்க்கக் கற்றார்கள். வாங்கியவரின் வீட்டில் அந்த வட்டி என்ன செய்தது என்பதற்குப் பேரேட்டில் பத்தி கிடையாது.

அந்தக் கணக்கை மற்றொரு கூட்டத்தார் அறிந்திருக்க வேண்டியிருந்தது. 1926ல் ஓடத் தொடங்கிய ரஜூலா கப்பலை நம் மூத்தவர்கள் மறந்திருக்கமாட்டார்கள். நாகப்பட்டினத்திலிருந்து பினாங்குக்கு அதன் மேல்தளத்தில் வந்தவர்களில் கிட்டங்கிக்குப் போகும் பையனும் இருந்தான். தோட்டத்துக்குப் போகும் குடும்பத்தின் பிள்ளையும் இருந்தான். 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், ஏழு முதல் பதினான்கு வயது வரையுள்ள பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்டம் பள்ளி வைக்க வேண்டும் என்றது. பள்ளிகள் வந்தன. ஆனால் அங்கே கற்ற கூட்டலும் கழித்தலும் பால் மரத்துக்குத் திரும்பிப் போவதற்கே போதுமானவையாக இருந்தன. கடன் பத்திரத்தில் கைந்நாட்டு வைக்குமுன் வட்டியைப் போட்டுப் பார்க்க அந்தப் பிள்ளைக்கு யாரும் சொல்லித்தரவில்லை. ஒரே மொழி பேசும் இரு சிறுவர்கள். ஒருவனுக்குக் கீழ்முந்திரி வரை தெரியும், மற்றவனுக்குத் தன் கூலிச் சீட்டே தெரியாது. செட்டியார்களின் செல்வத்தைவிட இந்த இடைவெளிதான் என்னை அதிகம் சிந்திக்க வைக்கிறது.

பெட்டியடிப் பள்ளி மெல்ல மூடியது. 1930களின் மந்தத்தில் ரப்பர் விலை விழுந்தது, கடன்கள் முடங்கின. 1933ல் மலாய் ஒதுக்கீட்டு நிலச் சட்டம் இறுகியபோது, தீபகற்ப மாநிலங்களில் நிலத்தை ஈடாக வாங்கும் வழி சுருங்கியது. 1941 டிசம்பர் 11ஆம் நாள் ஜப்பானிய விமானங்கள் ஜோர்ஜ்டவுனில் குண்டு போட்டன. ஆட்சி மாறியதும், பழைய கடன்களைப் பலர் வாழைமரத் தாளில் திருப்பித் தந்தார்கள். 1945ல் அந்தத் தாளுக்கு மதிப்பே இல்லாமல் போயிற்று. 1951ல் கடன்கொடுப்போர் சட்டம் வந்தது. 1953ல் நடைமுறைக்கு வந்த குடிநுழைவுச் சட்டம்தான் ஆணிவேரைத் தொட்டது என்பது என் கருத்து. மூன்றாண்டுக்கு ஒருமுறை புதிய ஆட்கள் ஊரிலிருந்து வருவதை நம்பியே அந்தக் கல்வி நடந்தது. வரவு நின்றால் அடுத்தாளுக்கு அடியில் பையன் யார்?

செட்டியார்களே வேறு வழியையும் கண்டார்கள். எம்.சிடி.எம். சிதம்பரம் செட்டியார் 1937ல் இந்தியன் ஓவர்சீஸ் வங்கியைத் தொடங்கினார். விரைவில் பினாங்கிலும் அதற்குக் கிளை வந்தது. அங்கே மேசையும் நாற்காலியும் இருந்தன. வேலைக்குச் சேர்வதற்குப் பள்ளிச் சான்றிதழ் கேட்டார்கள். 1973ல் அந்த வங்கியின் மலேசியக் கிளைகள், வேறு இரண்டு இந்திய வங்கிகளின் கிளைகளோடு இணைந்து யுனைடெட் ஏசியன் வங்கியாயின.

இன்றைய பள்ளிக் கூட்டுறவுக் கடையில் சாதிக் கட்டுப்பாடு இல்லை. மாணவியரும் பொறுப்பில் அமர்கிறார்கள். ஆண்டுக் கூட்டத்தில் கணக்கை உறுப்பினர்கள் முன் வைக்க வேண்டும்; கணக்கைத் தணிக்கையும் செய்கிறார்கள். பெட்டியடிப் பையனுக்குக் கிடைத்த மிக அரிய பாடம், பிறர் பணத்தைத் தன் கையில் வைத்து மாலையில் ஒரு காசும் பிசகாமல் ஒப்படைப்பது. அந்தப் பாடம் இந்தக் கடையில் கிடைக்கிறது. ஆனால் கடைப் பொறுப்பு சில மாணவர் கையோடு நின்றுவிட்டால், மற்றவர்களுக்குப் பங்குச் சீட்டு மட்டுமே மிஞ்சும். உங்கள் பள்ளியில் கடைப் பேரேட்டை எத்தனை மாணவர்கள் எழுதுகிறார்கள் என்று அடுத்த வாரம் ஆசிரியரிடம் கேட்டுப் பாருங்கள்.