சிலுவைப் போர்ச் சிற்றுருப் படை

கி.பி. 1095 முதல் 1291 வரையிலான சிலுவைப் போர்களில் பாலஸ்தீனத்திலும் சிரியாவிலும் போரிட்ட ஐரோப்பியப் படைகளை, 15 அல்லது 28 மி.மீ. உயரமுள்ள உலோக, பிளாஸ்டிக் பொம்மைகளாகச் சேர்த்து, ஒவ்வொன்றுக்கும் கையால் வண்ணம் தீட்டி, விதிநூலின்படி மேசைமேல் போரிட நிறுத்தும் தொகுப்பே சிலுவைப் போர்ச் சிற்றுருப் படை. விளையாடுவோர் இவற்றை மினியேச்சர் என்பார்கள். பாதி சேகரிப்பு, பாதி விளையாட்டுக் காய் என்று இதை ஒதுக்கிவிட முடியாது. நல்ல படை ஒன்றைத் தீட்டி முடிப்பதற்குள் வரலாற்று நூல்கள் சிலவற்றைப் படித்தே ஆகவேண்டும்.

இதன் மூதாதை நம் சதுரங்கம். யானை, குதிரை, தேர், காலாள் என்ற நாற்படை பாரசீகம், அரபு நாடுகள் வழியாக ஐரோப்பா போய்ச் சேர்ந்தது. பிரன்ஸ்விக் நகரத்துக் கணித ஆசிரியர் ஹெல்விக் 1780இல் அந்தப் பலகையை ஆயிரத்துக்கு மேற்பட்ட கட்டங்களாக விரித்து, கட்டங்களுக்கு மலை, சதுப்பு, நீர்நிலை என்று நிறம் கொடுத்தார். பிரஷ்யாவின் ரைஸ்விட்ஸ் 1812இல் கட்டங்களைக் கைவிட்டு நிலவுருவம் அமைந்த மேசை ஒன்றை மன்னருக்குக் காட்டினார். அவர் மகன் 1824இல் வெளியிட்ட விதிகள் ராணுவ அதிகாரிகளின் பயிற்சியாயின. ஆனால் அவர்கள் நகர்த்தியவை வெறும் கட்டைகள். ஆள் உருவம் வேறு வழியில் வந்தது.

நியூரம்பர்க் தகரக் கொல்லர்கள் 18ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் தட்டையான வீரர்களை வார்த்தார்கள். 1893இல் லண்டனின் வில்லியம் பிரிட்டன் நிறுவனம் உள்கூடான வார்ப்பைக் கொண்டுவந்தது. உருக்கிய ஈயத்தை அச்சில் ஊற்றி, சுவர் மட்டும் உறைந்ததும் மீதியைக் கவிழ்த்துக் கொட்டிவிடுவார்கள். ஈயம் மிச்சமானது, விலை இறங்கியது, ஜெர்மானியப் பொம்மைகளுக்குச் சரியான போட்டி கிடைத்தது. அந்த நிறுவனத்தின் பழைய தொகுதிகளில் மதராஸ் சுதேசிக் காலாட்படையும் உண்டு. நம் ஊர் சிப்பாய் இங்கிலாந்துச் சிறுவனின் தரைவிரிப்பில் அணிவகுத்தது அப்படித்தான். ஈய வார்ப்பை அந்த நிறுவனம் 1966இல் நிறுத்திவிட்டது. இன்றைய உலோகப் பொம்மைகள் பெரும்பாலும் வெள்ளீயக் கலவையில் வார்க்கப்படுகின்றன.

எழுத்தாளர் எச்.ஜி. வெல்ஸ் 1913இல் வெளியிட்ட 'லிட்டில் வார்ஸ்' பொம்மை வீரர்களுக்கென்றே எழுதப்பட்ட விதிநூல். ஸ்பிரிங் பீரங்கியால் மரக்குச்சி சுட்டு எதிரியை வீழ்த்துவது அவர் முறை. டொனால்டு ஃபெதர்ஸ்டோனின் 1962ஆம் ஆண்டு நூல் பகடையை முதன்மையாக்கிப் பெரியவர்களின் பொழுதுபோக்காக இதை நிலைநிறுத்தியது. பண்டைய, இடைக்காலப் போர்களுக்கான விதிகள் 1969 முதல் இங்கிலாந்தில் அச்சாயின. 1990இல் வந்த டி.பி.ஏ. விதிகள் ஒரு படையைப் 12 பிரிவுகளாகச் சுருக்கின. சுமார் நாற்பது பொம்மை இருந்தால் ஒரு படை தயார். சமையலறை மேசை போதும், ஒரு மணி நேரத்தில் போர் முடிந்துவிடும். சிலுவைப் போர்ப் படை பலருக்கும் முதல் படையாக அமைய இந்தச் சிக்கனமும் ஒரு காரணம். பெர்ரி சகோதரர்களின் உலோக வார்ப்புகளும் இத்தாலியின் ஃபயர்ஃபோர்ஜ் நிறுவனத்தின் பிளாஸ்டிக் டெம்ப்ளர் குதிரைவீரர்களும் 28 மி.மீ. அளவில் பெயர்பெற்றவை.

வண்ணம் தீட்டுவதில் முதல் கேள்வி எந்த நிறம் என்பதல்ல, எந்த ஆண்டு என்பதே. 1099 ஜூலையில் ஜெருசலேமைப் பிடித்தவர்களுக்கு மூக்குத்தகடு வைத்த கூம்புத் தலைக்கவசமும் நீண்ட கேடயமும் இருந்தன. குலச்சின்ன முறை அப்போது உருவாகவில்லை. எனவே அந்தப் படையின் கேடயத்தில் சிங்கமும் லில்லியும் வரைந்தால் அது பிழை. முகம் முழுதும் மூடும் வாளித் தலைக்கவசம் 13ஆம் நூற்றாண்டுக்குரியது. துறவு வீரர்களின் டெம்ப்ளர் சபை 1119 வாக்கில் தொடங்கியது. வெள்ளை மேலங்கியில் சிவப்புச் சிலுவை அணியும் உரிமை 1147இல்தான் கிடைத்தது. அந்த வெள்ளையும் வீரமறவர்களுக்கு மட்டும். சபையின் சாதாரணச் சிப்பாய்களுக்குக் கறுப்பு அல்லது பழுப்பு. சேகரிப்பாளர்கள் படை முழுவதையும் வெள்ளையாக அடித்துவிடுவதைப் பார்க்கலாம். கண்ணுக்கு அழகுதான், வரலாற்றுக்குப் பொருந்தாது.

இன்னொரு துறவு வீரர் சபையான ஹாஸ்பிட்டலர் சபையில் சிக்கல் கூடுதல். அவர்கள் நிறம் கறுப்பு, மேலே வெள்ளைச் சிலுவை. போர்க்களத்தில் சிவப்பு மேலாடை உடுத்த 1259இல்தான் போப்பாண்டவர் அனுமதித்தார். ஆகவே 1191 செப்டம்பர் 7 அன்று அர்சூஃப் களத்தில் இங்கிலாந்தின் ரிச்சர்டு மன்னரின் உத்தரவுக்குக் காத்திராமல் பாய்ந்த ஹாஸ்பிட்டலர்கள் சிவப்பில் இருக்க முடியாது. 1188இல் கிசோர் உடன்பாட்டின்படி சிலுவையின் நிறம் பிரெஞ்சுக்காரருக்குச் சிவப்பு, ஆங்கிலேயருக்கு வெள்ளை, ஃபிளாண்டர்ஸ் நாட்டாருக்குப் பச்சை. இந்த ஒரு செய்தியை வைத்துக்கொண்டே மூன்றாம் சிலுவைப் போரின் படைப்பிரிவுகளைப் பிரித்துக் காட்டிவிடலாம். துர்க்கோபோல் எனப்பட்ட உள்ளூர் வில்குதிரையாட்கள் இல்லாத படை அரைகுறைப் படை. சாயம் வெளுத்த எளிய துணியில் அவர்களைத் தீட்ட ஆள் குறைவு.

சான்றுக்கு ஓவியர்கள் அதிகம் புரட்டுவது 1250ஐ ஒட்டிப் பாரிஸில் வரையப்பட்ட மொர்கன் பைபிள் என்னும் படச்சுவடி. விவிலியப் போர்களை வரைந்தவர்கள் தம் காலத்துப் பிரெஞ்சு வீரர்களையே வரைந்து வைத்தார்கள். 1608இல் அது பாரசீக ஷா அப்பாஸுக்குப் பரிசாகப் போய், பாரசீக மொழிக் குறிப்புகளையும் ஏற்றுக்கொண்டு, இன்று நியூயார்க்கில் இருக்கிறது.

செய்முறைக்கு வருவோம். அச்சுப் பிசிறைச் சீவி, சோப்புத் தண்ணீரில் கழுவி, ப்ரைமர் அடிக்க வேண்டும். சங்கிலிக் கவசத்துக்குக் கறுப்பு அடித்தளம். காய்ந்த தூரிகையில் வெள்ளி நிறம் தொட்டு, துணியில் ஏறக்குறைய முழுதும் துடைத்துவிட்டு, வளையங்களின் மேடுகளை மட்டும் உரசினால் இரும்பு தெரியும். பிறகு நீர்த்த கரும்பழுப்பை ஓடவிட்டால் குழிகளில் நிழல் தங்கும். வெள்ளை மேலங்கிக்கு நேரே வெள்ளையை எடுப்பது புதியவர்களின் வழக்கம். இளஞ்சாம்பலில் தொடங்கி, மடிப்பின் உச்சியில் மட்டும் வெள்ளை வைத்தால் துணி துணியாக இருக்கும்.

சென்னைக்கு வேறு விதிகள் வேண்டும். சித்திரை வெயிலில் அக்ரிலிக் வண்ணம் தூரிகையிலேயே காய்ந்துவிடும். ஈரத்தாள் விரித்த தட்டில் கலக்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் ஸ்பிரே வார்னிஷ் அடித்தால் ஈரம் புகுந்து, பல வார உழைப்பின்மேல் வெண்படலம் பூக்கும். மழைக்காலத்தில் தூரிகையால் பூசும் வார்னிஷே பத்திரம்.

இந்தியாவில் இந்தப் பொழுதுபோக்கு மெல்லத்தான் பரவியது. எம்.ஆர்.எஃப். குழுமத்தின் ஃபன்ஸ்கூல் 1980களின் பிற்பாதி முதல் செய்த ஜி.ஐ. ஜோ பொம்மைகளை வெளிநாட்டார் தேடிச் சேகரிக்கிறார்கள். இங்கு மட்டும் வந்த நிற மாற்றங்கள்தான் அதற்குக் காரணம். வரலாற்றுப் படைகளோ இறக்குமதிச் சரக்கு. பொம்மைகளுக்கான சுங்கவரி 2020இல் 20 விழுக்காட்டிலிருந்து 60 ஆகவும், 2023இல் 70 ஆகவும் ஏறியது. அதற்குப் பிறகு பொம்மையின் கணினிக் கோப்பை விலைக்கு வாங்கி ரெசின் முப்பரிமாண அச்சுப்பொறியில் அச்சிட்டுக்கொள்வதே பலருக்குக் கட்டுப்படியாகும் வழி. இலங்கையில் வண்ணம் தீட்டுவதே பிழைப்பானது. ஃபெர்னாண்டோ எண்டர்பிரைசஸ் போன்ற பட்டறைகள் வெளிநாட்டுச் சேகரிப்பாளர்களின் படைகளைக் கூலிக்குத் தீட்டித் திருப்பி அனுப்புகின்றன.

சென்னையின் மேற்குப் புறநகருக்குப் படையோடு பழக்கம் அதிகம், சிற்றுருப் படையோடு குறைவு. நெமிலிச்சேரியில் நின்று பார்த்தால் அது விளங்கும். வண்டலூரிலிருந்து மீஞ்சூர் போகும் வெளிவட்டச் சாலையும் அரக்கோணம் ரயில்பாதையும் ஊரைத் தொட்டுச் செல்கின்றன. ரயிலில் கிழக்கே சில நிறுத்தம் போனால் ஆவடி. அங்கேயுள்ள கனரக வாகனத் தொழிற்சாலையிலிருந்து 1965 டிசம்பரில் முதல் விஜயந்தா டாங்கி வெளிவந்தது. தெற்கே பூந்தமல்லியில் கிழக்கிந்தியக் கும்பினியின் ஐரோப்பியச் சிப்பாய்களுக்கான ராணுவ முகாம் இருந்தது. அம்பத்தூர் தொழிற்பேட்டைப் பட்டறைகளுக்கு அச்சும் வார்ப்பும் அன்றாட வேலை. நகருக்குள் கொசப்பேட்டையில் இரண்டு அரை அச்சுகளில் களிமண் அழுத்தி, ஒட்டி, சுட்டு, கொலுவுக்கு வண்ணம் தீட்டுகிறார்கள். உள்ளீடற்ற உடல், வெளியே வண்ணம் என்ற அளவில் அது பிரிட்டனின் ஈய வீரனுக்கு உறவுதான். கைத்திறனில் இங்கே குறைவில்லை. கேட்பார்தான் இல்லை.

விதிநூல்களின் படைப் பட்டியலில் தமிழர் படைக்கும் இடம் உண்டு. அதைத் தீட்ட முனைபவருக்கு மொர்கன் பைபிள் போன்ற சுவடி கிடைக்காது. ஆனால் காஞ்சிபுரம் வைகுண்டப் பெருமாள் கோயில் திருச்சுற்றில் பல்லவர் வரலாறு போர்க்காட்சிகளோடு செதுக்கப்பட்டிருக்கிறது. செங்கம் வட்டாரத்து நடுகற்களில் வில்லும் வாளும் ஏந்திய வீரன், அரசனின் ஆட்சியாண்டோடு நிற்கிறான். ஆண்டு தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது என்பதைச் சிலுவைப் போர்ப் படையைத் தீட்டியவர் அறிவார். கொலுவுக்குக் கிரிக்கெட் செட் செய்து தரும் கலைஞர்கள், நடுகல் பார்த்து ஒரு பல்லவக் காலாள் செட்டும் செய்து பார்க்கலாம். கேட்டு வாங்க ஆள் வரலாம்.