கரியாஹாட் நடைபாதையில் ஒரு நீலகண்டப் பறவை

சனிக்கிழமை மாலை கரியாஹாட் முக்கில் வீட்டம்மா சேலைக்குப் பேரம் பேசிக்கொண்டிருந்தார். அரை மணிக்குக் குறையாது என்பது அனுபவம். நைசாக நழுவி கோல்பார்க் பக்கம் நடந்துவிட்டேன். அங்கேதான் பழைய புத்தகக் கடைகள்.

இந்த நடைபாதைக்கு ஒரு கதை உண்டு. 1947க்குப் பிறகு கிழக்கு வங்காளத்திலிருந்து வந்த அகதிகள் பலர் பிழைப்புக்குக் கடை விரித்தது தென்கல்கத்தாவின் இப்படிப்பட்ட தெருவோரங்களில்தான். 1996 நவம்பரில் ஓர் இரவு, 'ஆபரேஷன் சன்ஷைன்' என்று பெயர் வைத்து, அரசாங்கம் புல்டோசரோடு வந்து கடைகளைப் பெயர்த்தது. (பெயரைப் பாருங்கள், நடந்தது ராத்திரியில்!) கொஞ்ச காலத்தில் எல்லோரும் திரும்பி வந்துவிட்டார்கள். ஏற்கெனவே ஒரு ஊரையே விட்டு வந்தவர்களுக்கு நடைபாதை எம்மாத்திரம்?

அந்த ஊர் எப்படி இருந்தது என்று தெரிய வேண்டுமானால் அதீன் பந்த்யோபாத்யாய எழுதிய நாவலைப் படிக்க வேண்டும். தமிழில் 'நீலகண்டப் பறவையைத் தேடி'. நேஷனல் புக் டிரஸ்ட் வெளியீடு. அதில் சித்தம் கலங்கிய ஒரு பெரியப்பா வருகிறார். தேசப் பிரிவினையால் குடும்பம் கிளம்பும்போது அவரைக் காணோம். சிறுவன் சோனா, தாங்கள் இந்தியாவுக்குப் போய்விட்டதை அவருக்காக மரத்தில் செதுக்கி வைத்துவிட்டுப் போகிறான். அந்தப் பக்கத்தைத் தாண்டி உடனே என்னால் படிக்க முடியவில்லை.

தமிழாக்கியவர் சு. கிருஷ்ணமூர்த்தி. இதே கொல்கத்தாவில் பல ஆண்டுகள் வாழ்ந்தவர். த.நா. குமாரஸ்வாமியின் 'ஆரோக்கிய நிகேதன'த்தைக் கொண்டாடுகிறோம், சரிதான். தாராசங்கருக்கு அந்த மரியாதை வேண்டியதே. ஆனால் கிருஷ்ணமூர்த்தி இன்னொரு வேலையும் செய்தார். இங்கிருந்து அங்கே கொண்டு போனது போலவே, அங்கிருந்து இங்கேயும் கொண்டு வந்தார். கீழ்வெண்மணியில் 1968ல் குடிசையில் வைத்து எரிக்கப்பட்டவர்களைப் பின்னணியாகக் கொண்ட இந்திரா பார்த்தசாரதியின் 'குருதிப்புனல்', இவர் கையால் வங்காளத்துக்கு வந்தது. சாகித்ய அகாதெமியின் மொழிபெயர்ப்புப் பரிசும் கிடைத்தது. தாய்மொழியிலிருந்து இன்னொரு மொழிக்கு எழுதி, அந்த மொழிக்கான பரிசை வாங்குவது லேசுப்பட்ட காரியமா?

இதை ஏன் சொல்கிறேன் என்றால், என் மகள் இங்கேயே பிறந்தவள். தமிழை எழுத்துக் கூட்டித்தான் படிப்பாள், வங்காளம் தண்ணி பட்ட பாடு. தஞ்சாவூர் ஜில்லாவின் கதையை அவள் வங்காளத்தில் படிக்கப் போகிறாள் என்றால் எனக்குச் சந்தோஷமா, வருத்தமா? இன்னும் தெரியவில்லை. வெளியூரில் பிள்ளை வளர்க்கிற உங்களுக்குப் புரியும்.

"தாதா, வங்காளத்தில் குருதிப்புனல் கிடைக்குமா?" என்று கடைக்காரரிடம் கேட்டேன். கதையை எனக்குத் தெரிந்த வங்காளத்தில் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார். "அடுத்த சனிக்கிழமை வாருங்கள், தேடி வைக்கிறேன்" என்றார்.

திரும்பி வந்தேன். பேரம் இன்னும் முடியவில்லை.