நிலைத்த முதலீட்டுப் பட்டியல்: ஆம்ஸ்டர்டாம் முதல் பிராங்பர்ட் வரை

நிலைத்த முதலீட்டுப் பட்டியல் என்பது, பணம் எந்தெந்தப் பத்திரங்களில் போடப்படும் என்பதைத் தொடக்கத்திலேயே எழுதி வைத்து, பின்னர் அதை மாற்றாமல் காத்துவரும் முதலீட்டு முறையாகும். பலர் சேர்ந்து தரும் பணத்தில், நிதிநிலை வலுவானவை என்று கருதப்படும் நிறுவனங்களின் பங்குகளோ அரசுகளின் கடன் பத்திரங்களோ வாங்கப்படும். அவை அறங்காவலர் ஒருவரிடம் ஒப்படைக்கப்படும். நிர்வாகி தன் எண்ணப்படி ஒன்றை விற்று மற்றொன்றை வாங்க முடியாது. இன்று பரஸ்பர நிதி என்று அறியப்படும் அமைப்பின் மூத்த வடிவம் இதுவே.

ஐரோப்பாவில் இம்முறை மூன்று தடவை புதிதாகப் பிறந்தது எனலாம். 1774இல் ஆம்ஸ்டர்டாமிலும், 1868இலும் 1931இலும் லண்டனிலும் அது தோன்றியது. முதலாவதற்கு முன் 1772ஆம் ஆண்டின் வங்கி நெருக்கடி, இரண்டாவதற்கு முன் 1866இல் ஓவரெண்ட் கர்னி நிறுவனத்தின் வீழ்ச்சி, மூன்றாவதற்கு முன் 1929ஆம் ஆண்டின் நியூயார்க் பங்குச் சந்தைச் சரிவு. மூன்றிலும் இடைவெளி ஏறத்தாழ இரண்டே ஆண்டுகள். ஆண்டுக் கணக்கு இவ்வளவு ஒத்துப்போவது தற்செயலாக இருக்கலாம், காரணம் தற்செயலானதன்று. பணத்தை இழந்தவர்கள் முதலில் சந்தேகிப்பது பணத்தைக் கையாண்டவரைத்தான். அவருடைய கையைக் கட்டிப்போடவே பட்டியல் எழுதப்பட்டது. ஆனால் கட்டப்பட்ட கையால் மூழ்கும் கப்பலிலிருந்து சரக்கை இறக்கவும் முடியாது. இந்தச் சிக்கல் கடைசிவரை தீரவில்லை.

ஆம்ஸ்டர்டாம், 1774

பதினெட்டாம் நூற்றாண்டில் ஆம்ஸ்டர்டாம் ஐரோப்பாவின் கடன் சந்தையாக இருந்தது. அரசர்களும் நகரங்களும் தோட்ட முதலாளிகளும் அங்கே கடன் வாங்கினர். ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனியின் பங்குகளிலும் டச்சு வணிகர்கள் பெருமளவில் சூதாடினர். கர்நாடகப் பகுதியில் ஹைதர் அலி முன்னேறி வருகிறார் என்ற செய்தி 1769ஆம் ஆண்டு மே மாதம் லண்டனை எட்டியபோது அப்பங்குகளின் விலை சரிந்தது. சென்னைப் பட்டணத்து வாசலில் நடந்த போர் ஆம்ஸ்டர்டாம் வணிகரின் கணக்குப் புத்தகத்தைத் தொட்ட காலம் அது. அடுத்த ஆண்டு வங்காளத்தில் பெரும் பஞ்சம் வந்தது. 1772இல் லண்டனில் அலெக்சாண்டர் போர்டைஸ் என்ற வங்கியாளர் ஓடிப்போனதும் கடன் சந்தை முழுவதும் உறைந்தது. அந்த ஆண்டு முடிவில் ஆம்ஸ்டர்டாமின் புகழ்பெற்ற கிளிப்போர்டு வங்கியும் வீழ்ந்தது.

இதன் பிறகுதான் ஆபிரகாம் வான் கெட்விச் என்ற ஆம்ஸ்டர்டாம் வணிகர் ஒரு கூட்டு முதலீட்டை அறிவித்தார். அதற்கு அவர் வைத்த பெயர் 'எண்ட்ராக்ட் மாக்ட் மாக்ட்'. 'ஒற்றுமையே பலம்' என்று பொருள்படும் இது டச்சுக் குடியரசின் முழக்கம். ஒரு பங்கின் விலை 500 கில்டர். மொத்தம் 2,000 பங்குகள். சிறு சேமிப்பாளரால் ஒரே ஒரு வெளிநாட்டுக் கடன் பத்திரத்தை வாங்குவதே கடினமாக இருந்த காலத்தில், ஒரு பங்கின் வழியாக அவருக்குப் பல நாடுகளின் பத்திரங்களில் சிறு துண்டு கிடைத்தது.

இதன் விதிகள் இன்று படித்தாலும் கண்டிப்பானவை. பங்குகள் 20 வகுப்புகளாகப் பிரிக்கப்பட்டன. ஒவ்வொரு வகுப்பின் பணமும் 50 பத்திரங்களில் போடப்பட வேண்டும். அவற்றில் குறைந்தது 20 முதல் 25 வெவ்வேறு வெளியீடுகள் இருக்க வேண்டும். ஒரே வெளியீட்டில் இரண்டு மூன்றுக்கு மேல் வாங்கக் கூடாது. வாங்கிய பத்திரங்கள் மூன்று வெவ்வேறு பூட்டுகள் கொண்ட இரும்புப் பெட்டியில் வைக்கப்பட்டன. சாவிகள் ஒரே ஆளிடம் இருக்கவில்லை. ஆண்டுக்கு 4 சதவீத ஈவு தருவதாக வாக்களிக்கப்பட்டது. மிஞ்சிய வருமானத்தைக் கொண்டு, குலுக்கலில் விழுந்த பங்குகள் முகமதிப்புக்கு மேல் விலை கொடுத்துத் திரும்ப வாங்கப்படும். நம் ஊர்க் குலுக்குச் சீட்டில் பணம் போட்டவர்களுக்கு இந்த ஏற்பாடு அந்நியமாகத் தோன்றாது. 25 ஆண்டுகளில் எல்லாவற்றையும் கலைத்துக் கணக்கை முடிப்பது திட்டம்.

பட்டியலில் டென்மார்க், வியன்னா, ரஷ்யா, சுவீடன், சில ஜெர்மானியச் சிற்றரசுகள் ஆகியவற்றின் கடன் பத்திரங்கள் இருந்தன. கூடவே எசெக்கிபோ, பெர்பிஸ் முதலிய தென் அமெரிக்கக் கரையோரக் குடியேற்றங்களிலும் கரீபியத் தீவுகளிலும் இருந்த தோட்டங்களுக்குக் கொடுத்த அடமானக் கடன்களும் இருந்தன. சர்க்கரையும் காபியும் விளைந்த இந்தத் தோட்டங்களில் வேலை செய்தவர்கள் ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்ட அடிமைகள். அடமானத்தின் மதிப்பில் நிலத்தோடு அந்த மனிதர்களின் 'விலை'யும் சேர்த்தே கணக்கிடப்பட்டது. பெர்பிசில் 1763இல் கோபி என்பவரின் தலைமையில் அடிமைகள் எழுச்சி கொண்டு, குடியேற்றத்தின் பெரும்பகுதியை மாதக்கணக்கில் தங்கள் வசம் வைத்திருந்தனர். டச்சுப் படைகள் அதைக் கொடூரமாக அடக்கின. பதினோரு ஆண்டுகள் கழித்து அதே பெர்பிசின் கடன், எச்சரிக்கையான சேமிப்பாளர்களுக்கான பட்டியலில் இடம்பெற்றது. முதலீட்டு வரலாற்று நூல்கள் பலவற்றில் 1774 பிரிவினை வாரியாகப் பணம் போடும் புத்திசாலித்தனத்தின் பிறந்த ஆண்டாகக் கொண்டாடப்படுகிறது. அந்த 4 சதவீதத்தின் ஒரு பகுதி எவருடைய முதுகிலிருந்து வந்தது என்பதையும் சேர்த்தே அந்த ஆண்டை நினைவுகொள்ள வேண்டும்.

1776இல் யூட்ரெக்ட் நகர வங்கியாளர்கள் இதே போன்ற ஒன்றைத் தொடங்கினர். 1779இல் வான் கெட்விச்சே இரண்டாவது முதலீட்டை அறிவித்தார். அதன் பெயர் 'கான்கார்டியா ரெஸ் பர்வா கிரெஸ்குண்ட்'. ஒற்றுமையால் சிறியவை வளரும் என்ற பொருளுடைய லத்தீன் தொடர். இதில் ஒரு முக்கியமான மாற்றம் இருந்தது. பட்டியல் முன்கூட்டியே எழுதப்படவில்லை. உறுதியான பத்திரங்களிலும், விலை விழுந்ததால் உள்ளார்ந்த மதிப்பைவிட மலிவாகக் கிடைப்பவற்றிலும் பணம் போடலாம் என்று நிர்வாகிக்கு உரிமை தரப்பட்டது. ஐந்தே ஆண்டுகளில் கட்டு தளர்ந்துவிட்டது.

1780ஆம் ஆண்டின் இறுதியில் இங்கிலாந்துடன் போர் மூண்டது. 1781இல் பெர்பிசும் எசெக்கிபோவும் ஆங்கிலேயர் கைக்குப் போயின. தோட்டக் கடன்களின் வட்டி வருவது தடுமாறியது. பிரெஞ்சுப் படையெடுப்பும் நெப்போலியன் காலமும் அடுத்தடுத்து வந்தன. 1799இல் முடிய வேண்டிய முதல் முதலீட்டின் கணக்கு 1824இல்தான் முடிந்தது. இரண்டாவது முதலீடு அதிகாரபூர்வமாகக் கலைக்கப்பட்டது 1893இல். தொடங்கியவரின் பேரப்பிள்ளைகள் காலத்தையும் தாண்டிய கணக்கு அது.

லண்டன், 1868

பாரின் அண்ட் கலோனியல் கவர்ன்மென்ட் டிரஸ்ட் 1868ஆம் ஆண்டு மார்ச் மாதம் அறிவிக்கப்பட்டது. அதை முன்னின்று நடத்தியவர் டிஸ்ரேலியின் வழக்கறிஞரும் நண்பருமான பிலிப் ரோஸ். அறங்காவலர்களின் தலைவராக முன்னாள் லார்டு சான்சலர் வெஸ்ட்பரி பிரபு இருந்தார். பெரும் பணக்காரர் தன் பணத்தைப் பல இடங்களில் பிரித்துப் போட்டு ஆபத்தைக் குறைத்துக்கொள்வது போல நடுத்தர வசதியுள்ளவரும் செய்ய வேண்டும் என்பது அறிவிப்பின் சாரம். திரட்ட நினைத்த தொகை 10 லட்சம் பவுண்டு. எந்த ஒரு கடனிலும் 1 லட்சம் பவுண்டுக்கு மேல் போடக் கூடாது. 100 பவுண்டு முகமதிப்புள்ள சான்றிதழ் 85 பவுண்டுக்குக் கிடைத்தது. அதற்கு ஆண்டுக்கு 6 சதவீத வட்டி.

பட்டியலில் துருக்கி, எகிப்து, ஸ்பெயின், இத்தாலி, ரஷ்யா முதலிய அரசுகளின் பத்திரங்கள் இருந்தன. இவற்றை 'வலுவான' கடனாளிகள் என்று சொல்ல இன்று யாரும் துணியமாட்டார்கள். அன்றும் முழு நம்பிக்கை இல்லாததால்தான் வட்டி அவ்வளவு அதிகம். 1875இல் துருக்கி தன் கடன் வட்டியைப் பாதியாகக் குறைத்தது; அடுத்த ஆண்டு எகிப்து பணம் கட்டுவதை நிறுத்தியது. பிரித்துப் போட்டிருந்ததால் டிரஸ்ட் தப்பியது.

அதற்கு வந்த பெரிய சோதனை சந்தையிலிருந்து வரவில்லை, நீதிமன்றத்திலிருந்து வந்தது. 1879இல் வேறொரு டிரஸ்ட் தொடர்பான வழக்கில் நீதிபதி ஜெசல், இத்தகைய அமைப்புகள் பதிவு செய்யப்படாத கம்பெனிகள் என்றும், 1862ஆம் ஆண்டுச் சட்டப்படி இருபது பேருக்கு மேல் சேர்ந்த அத்தகைய கூட்டு செல்லாது என்றும் தீர்ப்பளித்தார். மறு ஆண்டே மேல்முறையீட்டு நீதிமன்றம் இன்னொரு வழக்கில் அந்தக் கருத்தை மறுத்தது. ஆனால் அதற்குள் பல டிரஸ்டுகள் கம்பெனிகளாக மாறிவிட்டன. கம்பெனி ஆனதும் இயக்குநர் குழு வந்தது. இயக்குநர் குழு வந்ததும் வாங்கி விற்கும் உரிமையும் வந்தது. நிலைத்த பட்டியல் இங்கே ஒரு கொள்கையாகத் தோற்கவில்லை. ஒரு தீர்ப்பின் பக்கவிளைவாக மறைந்தது. 1868இல் தொடங்கிய அந்த நிறுவனம் இன்றும் இயங்குகிறது. சாதாரணப் பங்குகளை அது முதன்முதலில் வாங்கியது 1925இல்தான்.

பங்குகளின் முறை

அதுவரை எச்சரிக்கையான மனிதர் என்றால் கடன் பத்திரம் வாங்குபவர் என்றே பொருள். பங்கு வாங்குவது சூதாட்டத்துக்கு அடுத்த வீடு. முதல் உலகப் போருக்குப் பின் வந்த விலைவாசி உயர்வு இந்த எண்ணத்தை அசைத்தது. ஜெர்மனியில் கடன் பத்திரம் வைத்திருந்த குடும்பங்கள் 1923இல் எல்லாவற்றையும் இழந்தன. 1924இல் எட்கர் லாரன்ஸ் ஸ்மித் என்ற அமெரிக்கர், நீண்ட கால நோக்கில் பல துறைப் பங்குகளின் தொகுப்பு கடன் பத்திரங்களைவிட நன்றாகவே இருந்துள்ளது என்று காட்டி ஒரு சிறு நூல் எழுதினார். பொருளியலாளர் கெயின்ஸ் 1925இல் அதற்கு லண்டனில் மதிப்புரை எழுதினார். நல்ல கம்பெனி ஒன்று தன் லாபம் முழுவதையும் பங்கிட்டுவிடாமல் ஒரு பகுதியைத் தொழிலிலேயே திரும்பப் போடுகிறது, அதனால் அதன் மதிப்பு கூட்டு வட்டிபோல் வளர்கிறது என்ற கருத்து இதன் பிறகே பரவியது.

1929 சரிவில் அமெரிக்க முதலீட்டு நிறுவனங்கள் பல நாறிப்போயின. நிர்வாகிகள் கடன் வாங்கிப் பங்கு வாங்கியதும், தங்கள் பிற நிறுவனங்களின் பங்குகளையே வாங்கிக் குவித்ததும் வெளியே வந்தன. உடனே அங்கே நிலைத்த டிரஸ்டுகள் பெருகின. அந்த அலைதான் லண்டனை அடைந்தது. 1931ஆம் ஆண்டு ஏப்ரல் 23 அன்று, முனிசிபல் அண்ட் ஜெனரல் செக்யூரிட்டீஸ் என்ற நிறுவனம் 'பர்ஸ்ட் பிரிட்டிஷ் பிக்சட் டிரஸ்ட்' என்பதை வெளியிட்டது. பிரிட்டனின் 24 முன்னணிக் கம்பெனிகளின் பங்குகள். 20 ஆண்டு ஆயுள். பட்டியலில் மாற்றம் இல்லை. பிரிட்டனின் முதல் யூனிட் டிரஸ்ட் இதுவே. எம் அண்ட் ஜி என்று பின்னர் அறியப்பட்ட இந்நிறுவனத்தை வளர்த்தவர் இயன் பேர்பேர்ன். 1924 பாரிஸ் ஒலிம்பிக்கில் படகு வலித்த இவர், பங்கு என்பது செல்வந்தர்களின் தனிச்சொத்தாக இருக்கக் கூடாது என்று கருதியவர்.

நிலைத்த டிரஸ்ட் இயங்கிய விதம் எளிமையானது. பட்டியலில் உள்ள ஒவ்வொரு கம்பெனியிலும் குறிப்பிட்ட எண்ணிக்கையில் பங்குகளை வாங்கி ஒரு கட்டாக அறங்காவலரிடம் கொடுப்பார்கள். அந்தக் கட்டு சிறு யூனிட்டுகளாகப் பிரிக்கப்பட்டுப் பொதுமக்களுக்கு விற்கப்படும். வேண்டாம் என்பவர் அன்றைய மதிப்புக்குத் திருப்பிக் கொடுக்கலாம். கூடுதல் பணம் வந்தால் அதே பட்டியலில் இன்னொரு கட்டு வாங்கப்படும்.

தொடங்கிய நேரம் மோசமானது. ஐந்து மாதங்களில், செப்டம்பர் 21 அன்று, பிரிட்டன் தங்க நாணய முறையைக் கைவிட்டது. ஆனால் அடுத்த சில ஆண்டுகளில் சந்தை மீண்டதும் போட்டியாளர்கள் குவிந்தனர். 1939க்குள் பிரிட்டனில் ஏறக்குறைய 100 டிரஸ்டுகளும் அவற்றில் 8 கோடி பவுண்டு அளவுக்குப் பணமும் இருந்தன. நிர்வாகியின் கை கட்டப்பட்டிருந்தாலும், வாய் கட்டப்படவில்லை. விளம்பரங்கள் வருமானத்தை மிகைப்படுத்தின. வாங்கும் விலையில் எவ்வளவு கட்டணம் ஒளிந்திருக்கிறது என்பது வாங்குபவருக்குத் தெரியவில்லை. ஆலன் ஆண்டர்சன் தலைமையில் வர்த்தக வாரியம் அமைத்த குழு இதை ஆராய்ந்து 1936இல் அறிக்கை தந்தது. 1939இல் முதலீட்டு மோசடித் தடுப்புச் சட்டம் வந்தது.

அதற்குள் 'நிலைத்த' என்ற சொல் தேய்ந்திருந்தது. 1930களின் நடுவிலேயே, பட்டியலை மாற்றும் உரிமையுள்ள நெகிழ்வான டிரஸ்டுகள் வந்துவிட்டன. ஈவு தருவதை நிறுத்திய கம்பெனியைக் கையில் வைத்துக்கொண்டு இருபது ஆண்டுகள் உட்கார்ந்திருக்க யாரும் விரும்பவில்லை. 1947 முதல் நிலக்கரி, ரயில்வே, எஃகு என ஒவ்வொன்றாக அரசுடைமை ஆனபோது, 1931இல் எழுதிய எந்தப் பட்டியலும் அதை முன்னறிந்திருக்க முடியாது. முதல் டிரஸ்ட் வேறு பெயரில், நிர்வாகம் செய்யப்படும் நிதியாகத் தொடர்ந்தது. யூனிட் டிரஸ்ட் என்ற பெயரும் அமைப்பும் கடல் கடந்தன. 1963ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி உருவான யூனிட் டிரஸ்ட் ஆப் இந்தியாவின் பெயரிலேயே அந்த மரபு தெரிகிறது.

உண்மையிலேயே மாறாத பட்டியலைப் பார்க்க அட்லாண்டிக்கைக் கடக்க வேண்டும். 1935இல் 30 அமெரிக்கக் கம்பெனிகளோடு தொடங்கிய கார்ப்பரேட் லீடர்ஸ் டிரஸ்ட், புதிய கம்பெனியைத் தேர்ந்தெடுத்துச் சேர்ப்பதில்லை. இணைப்பு, பிரிவு போன்றவற்றால் வந்தவை மட்டுமே சேரும். ரயில் கம்பெனி ஒன்றை பெர்க்சயர் ஹாத்தவே வாங்கியதால் அதன் பங்கு உள்ளே வந்தது. உல்வொர்த் கடைகளின் இடத்தில் கடைசியில் காலணி விற்கும் கம்பெனி நின்றது.

விதிப்படி மாறும் பட்டியல்

ஐரோப்பா எடுத்த வழி வேறு. பட்டியல் மாறலாம், ஆனால் நிர்வாகியின் விருப்பப்படி அன்று, எழுதி வைத்த விதிப்படி. பிராங்பர்ட் பங்குச் சந்தையின் டாக்ஸ் குறியீடு 1988ஆம் ஆண்டு ஜூலையில் 30 ஜெர்மன் கம்பெனிகளோடு தொடங்கியது. அதை அப்படியே பின்பற்றும் நிதிகளில் பணம் போடுபவர், ஒரு வகையில் வான் கெட்விச்சின் வாடிக்கையாளரைப் போல, ஆளை நம்பாமல் விதியை நம்புகிறார்.

விதி அளந்தது அளவையே, வலிமையை அன்று. வயர்கார்டு என்ற பணப்பரிமாற்ற நிறுவனம் சந்தை மதிப்பு பெருத்ததால் 2018 செப்டம்பரில் டாக்ஸில் நுழைந்தது. அது வெளியேற்றியது பழைய காமர்ஸ் வங்கியை. 2020 ஜூன் மாதம், அதன் கணக்கில் 190 கோடி யூரோவைக் காணவில்லை என்பது தெரியவந்தது. ஒரே வாரத்தில் அது திவால் மனு கொடுத்தது. அதன் இடத்துக்கு வந்த டெலிவரி ஹீரோ நிறுவனமோ நஷ்டத்தில் ஓடிக்கொண்டிருந்தது. இதன் பிறகே விதி திருத்தப்பட்டது. டாக்ஸில் புதிதாகச் சேரும் கம்பெனி, வட்டி, வரி, தேய்மானம் ஆகியவற்றைக் கழிப்பதற்கு முன் கணக்கிடும் லாபத்தைக் கடைசி இரண்டு ஆண்டுகளிலும் காட்டியிருக்க வேண்டும் என்று சேர்க்கப்பட்டது. 2021 செப்டம்பரில் பட்டியல் 40 கம்பெனிகளாக விரிந்தது. டெலிவரி ஹீரோ 2022 ஜூனில் வெளியேறியது.