குரலுக்கு உரியவர் யார்? தமிழ்த் தொலைக்காட்சியில் காணாத் தலைவனைத் தேடிய வரலாறு

பூந்தமல்லியிலிருந்து தண்டலம் வழியாக ஸ்ரீபெரும்புதூர் செல்லும் பெங்களூரு நெடுஞ்சாலையில், செம்பரம்பாக்கத்தை ஒட்டி ஈவிபி ஃபிலிம் சிட்டி இருக்கிறது. ஒருகாலத்தில் பொழுதுபோக்குப் பூங்காவாக இருந்த இடம். 2017 ஜூன் 25 அன்று விஜய் டிவியில் தொடங்கிய தமிழ் ‘பிக் பாஸ்’ நிகழ்ச்சிக்கான வீட்டை இங்குதான் கட்டினார்கள். ஷிப்ட் வேலைக்கு ஆள் ஏற்றிச் செல்லும் கம்பெனி பஸ்கள் அந்த வாசலைக் கடந்து போகின்றன. வீடு எங்கிருக்கிறது என்பது ஊருக்கே தெரியும். உள்ளே அடைபட்டிருக்கும் போட்டியாளர்களின் பெயரும் குணமும் வீட்டுக்கு வீடு தெரியும். அவர்களுக்கு ஆணையிடும் குரலுக்கு உரியவரை மட்டும் யாரும் பார்த்ததில்லை. நிகழ்ச்சி தொடங்கிய நாளிலிருந்தே ‘அந்தக் குரல் யாருடையது?’ என்ற கேள்வியும் கூடவே நடந்து வருகிறது.

பிக் பாஸ் நாடகத் தொடர் அல்ல, அதில் பாத்திரத்தைத் தேடுவதேன் என்று சிலர் மறுக்கலாம். போட்டியாளர்கள் நடிக்கிறார்களா இல்லையா என்பது வேறு விவாதம். ஆனால் ‘பிக் பாஸ்’ என்ற தலைவர் ஐயமின்றி எழுதி உருவாக்கப்பட்ட பாத்திரம். அந்தப் பாத்திரத்தைச் சுற்றிப் பார்வையாளர் எழுப்பிய ஊகங்களைத்தான் இக்கட்டுரை பின்தொடர்கிறது. இக்கேள்வி நிகழ்ச்சியின் வடிவத்தோடு சேர்ந்து ஐரோப்பாவிலிருந்து இறக்குமதியானதல்ல. பெரும்பகுதி இங்கேயே முளைத்தது என்பது என் முடிவு.

முதலில் அந்த ஐரோப்பிய மூலத்தைப் பார்ப்போம். ஜார்ஜ் ஆர்வெல் 1949இல் வெளியிட்ட ‘1984’ நாவலில் ‘பிக் பிரதர்’ சுவரொட்டிகளில் முகமாக இருக்கிறார். அவர் உண்மையிலேயே உயிரோடு இருக்கிறாரா என்பதற்குக் கதைக்குள் விடை கிடையாது. 1999 செப்டம்பரில் நெதர்லாந்தில் ஜான் டி மோல் தொடங்கிய நிகழ்ச்சி அந்தப் பெயரை எடுத்துக்கொண்டு முகத்தை விட்டுவிட்டது. 2000இல் பிரிட்டனுக்கு வந்தபோது பிக் பிரதராகப் பேசியவர்கள் பலர்: அந்தந்த நேரத்தில் பணியில் இருந்த தயாரிப்பாளர்கள், ஆணும் பெண்ணுமாக. அங்கே அது ஒரு பதவி. நாற்காலியில் இன்று யார் என்பது பெரிய விஷயமே அல்ல.

2006 நவம்பரில் அதன் இந்தி வடிவமாக ‘பிக் பாஸ்’ வந்தபோதுதான் மாற்றம் நிகழ்ந்தது. அண்ணன் முதலாளியானார், பல குரல்கள் கனத்த ஓர் ஆண்குரலில் ஒடுங்கின. ‘பிக் பாஸ் சாஹ்தே ஹைன்’ (பிக் பாஸ் விரும்புகிறார்) என்று தன்னையே படர்க்கையில், மரியாதைப் பன்மையில் குறிப்பிட்டுக்கொள்ளும் பெரியவர் அவர். கோபிப்பார், குத்திக் காட்டுவார், சில நேரம் ஆறுதலும் சொல்வார். பதவி ஆளாக மாறிய பிறகுதான் ‘யார்?’ என்று கேட்கவே இடம் பிறக்கிறது.

தமிழில் அந்தக் கேள்விக்கு ஏற்கெனவே பயிற்சி இருந்தது. 1997–98இல் சன் டிவியில் ஓடிய ‘மர்மதேசம்: விடாது கருப்பு’ தொடரை மறந்துவிட்டு இந்த வரலாற்றை எழுத முடியாது. இந்திரா சௌந்தர்ராஜன் கதை, நாகா இயக்கம், கே. பாலசந்தரின் மின்பிம்பங்கள் தயாரிப்பு. தவறு செய்தவர்களைத் தண்டிக்க இரவில் குதிரையேறி வரும் கருப்பு, சாமியா மனிதனா? மனிதனென்றால் ஊரில் எவன்? ஒரு பகுதி முடிந்து அடுத்தது வரும்வரை டீக்கடையிலும் வகுப்பறையிலும் அதுதான் பேச்சு. கடைசியில் உளவியல் வழியாக விடை வந்தது. விடை கதைக்குள்ளேயே இருந்தது, கதாசிரியர் அதைத் தருவார் என்ற நம்பிக்கை இருந்தது என்பதே அன்றைய ஊகத்தின் அடித்தளம்.

பிக் பாஸ் அந்த ஒப்பந்தத்தை உடைத்தது. நூறு நாள் பார்த்தாலும் கடைசி நாளில் பிக் பாஸ் வெளியே வந்து முகம் காட்டப்போவதில்லை. கதைக்குள் விடை இல்லாததால் ஊகம் கதைக்கு வெளியே தாவியது: டப்பிங் கலைஞரா, வானொலி அறிவிப்பாளரா, தெரிந்த நடிகரா? இப்படித் தேடுவதும் நமக்குப் புதிதல்ல. இலங்கை வானொலியின் கே.எஸ். ராஜாவையும் பி.எச். அப்துல் ஹமீதையும் தமிழகத்து நேயர்கள் பல ஆண்டுகள் முகம் பாராமலே நேசித்தார்கள். குரலை வைத்து ஆளைக் கற்பனை செய்துகொண்டார்கள்.

இன்னும் பின்னே போனால் இதே நெடுஞ்சாலையின் மண்ணுக்கே வந்து சேர்கிறோம். ஸ்ரீபெரும்புதூரில் பிறந்த ராமானுஜருக்குச் சில ஐயங்கள் இருந்தன. அவற்றைத் தீர்த்துவைக்கும்படி காஞ்சி வரதராஜரிடம் கேட்கச் சொல்லி அவர் நாடியது பூந்தமல்லிக்காரரான திருக்கச்சி நம்பியை. தமக்கு ஆலவட்டம் வீசும் நம்பியிடம் மட்டும் பெருமாள் பேசுவார் என்பது வைணவ குருபரம்பரை மரபு. வரதர் சொன்ன ஆறு வார்த்தைகளை நம்பி கொண்டுவந்து கொடுத்தார். செம்பரம்பாக்கம் ஏரிக்கு அந்தப் பக்கம் குன்றத்தூர், சேக்கிழாரின் ஊர். தில்லையில் பெரியபுராணத்துக்கு முதற்சொல் எடுத்துக் கொடுத்தது ஓர் அசரீரி என்கிறது சைவ மரபு. இவற்றிலிருந்து பிக் பாஸ் பிறந்தது என்று நான் வாதிடவில்லை. உடலற்ற குரலை நம்பவும், அதனிடமிருந்து செய்தி கொண்டுவரும் ஒருவரை மதிக்கவும் இங்கே நெடுங்காலப் பழக்கம் உண்டு என்பதே என் வாதம். வார இறுதியில் தொகுப்பாளராக வந்து நின்ற கமல்ஹாசனும், 2024 அக்டோபர் முதல் அந்த இடத்தில் நிற்கும் விஜய் சேதுபதியும் அப்படி வீட்டுக்கும் ஊருக்கும் நடுவே நிற்பவர்கள்தாம். ஆனால் நம்பியிடம் யாரும் ‘அது யார் குரல்?’ என்று கேட்கவில்லை. கேட்கும் துணிவைத் தொலைக்காட்சிப் பார்வையாளர் பெற்றிருக்கிறார். அதை நான் வளர்ச்சி என்றே எண்ணுகிறேன்.

துணிவு தவறான வாசலைத் தட்டுவதும் உண்டு. இந்தியில் பிக் பாஸாகப் பேசுபவர் அதுல் கபூர். நிகழ்வுகளைப் பார்வையாளருக்கு விவரிக்கும் குரல் விஜய் விக்ரம் சிங்குடையது. தாம் பிக் பாஸ் அல்ல, யாரையும் வெளியேற்றும் அதிகாரம் தமக்கில்லை என்று சிங் வெளிப்படையாகப் பலமுறை விளக்க வேண்டியிருந்தது. போட்டியாளர் வெளியேறியதற்கு ரசிகர்கள் அவரை வசைபாடினார்கள். குரல் கொடுப்பவரே முடிவெடுப்பவர் என்று ஊகித்ததன் விளைவு இது. கட்டுப்பாட்டு அறையில் ஒரு குழு எழுதுகிறது, ஒருவர் பேசுகிறார். கூலிக்குப் பேசும் கலைஞரின் தலையில் நிறுவனத்தின் முடிவுகளை ஏற்றுவது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது.

நிறுவனத்துக்கும் மேலே ஒருவர் உண்டு என்று தெரிந்தது 2021 மே மாதத்தில். மலையாள பிக் பாஸின் மூன்றாம் பருவம் அப்போது இதே ஈவிபி வளாகத்தில் படமாகிக்கொண்டிருந்தது. கொரோனா ஊரடங்கின்போது படப்பிடிப்பு நடந்ததால் வருவாய்த் துறை அதிகாரிகள் வந்து அரங்குக்குச் சீல் வைத்தார்கள். போட்டியாளர்கள் ஹோட்டலுக்கு மாற்றப்பட்டார்கள். நிகழ்ச்சி பாதியில் நின்றது; வெற்றியாளரைப் பார்வையாளர் வாக்கு தீர்மானித்தது. அந்த உத்தரவைப் பிறப்பித்தவர் யார் என்று எவரும் ஊகிக்க வேண்டியிருக்கவில்லை. அதிகாரியின் பெயரும் பதவியும் மறுநாள் செய்தித்தாளில் வந்துவிட்டன.