வினாவுவோர் யார்? – நைஜீரிய உளமருத்துவ ஆய்வு வரலாறு தரும் படிப்பினை

ஒரு நாட்டு மக்களின் உளநோய்களை ஆராய்வதற்கு அந்நாட்டவருக்கே பயிற்சி அளித்தல் வேண்டும் என்பது இன்று பலரும் ஒப்பும் கருத்தாகும். ஆனால், அப்பயிற்சியின் நோக்கம் யாது? பிறர் வகுத்த வினாக்களுக்கு விடை திரட்டிக் கொடுப்பதா, அன்றி வினாக்களையே வகுக்கும் ஆற்றலைப் பெறுவதா? பொருள்வளம் குறைந்த நாடுகள் யாவும் எதிர்நோக்கும் இப்பிரச்சினையை நைஜீரியாவின் அபியோகூட்டா, இபாதான் ஆகிய நகரங்களில் வளர்ந்த உளமருத்துவ ஆய்வின் வரலாற்றைக் கொண்டு நோக்குதல் பயனுடையது.

குடியேற்ற ஆட்சிக் காலத்தில் ஆபிரிக்கரின் உளம் பற்றி எழுதியோர் பெரும்பாலும் ஐரோப்பியரே. அவருள் ஜே. சி. கரோதர்ஸ் குறிப்பிடத்தக்கவர். உளமருத்துவத்திலே சிறப்புப் பயிற்சி பெறாத நிலையில் 1938 இல் நைரோபியின் மாதரி உளநோய் மருத்துவமனையைப் பொறுப்பேற்ற இவர், 1953 இல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட நூலொன்றில், ஆபிரிக்கரின் உளப்பாங்கை மூளையின் முன்மடலில் அறுவைச் சிகிச்சை செய்யப்பட்ட ஐரோப்பியரின் உளப்பாங்கிற்கு ஒப்பிட்டார். மனச்சோர்வு நோய் ஆபிரிக்கரிடையே அரிது என்றுங் கருதினார். மருத்துவமனைக்குக் கொண்டுவரப்பட்டோரை வைத்து மக்கள் அனைவரையும் அளக்கும் இம்முறையின் குறைபாடு வெளிப்படை. பிறருக்கு இடையூறு விளைப்போரே மருத்துவமனை சேர்வர். வாய்திறவாது வாடுவோர் வீட்டிலேயே இருந்துவிடுவர். எனினும் இதனை ஆய்வு வழிநின்று மறுக்கவல்ல பயிற்சி பெற்ற ஆபிரிக்கர் அன்று மிகச் சிலரே.

அச்சிலருள் ஒருவரே அபியோகூட்டாவிற் பிறந்த தோமஸ் அடேயோயே லம்போ. பர்மிங்ஹாமில் மருத்துவமும் இலண்டனில் உளமருத்துவமும் பயின்று தாயகம் மீண்ட இவர், 1954 அளவில் ஆரோ மருத்துவமனையை மையமாகக் கொண்டு ஒரு புதுமுறையைத் தொடக்கினார். நோயாளர் உறவினர் ஒருவருடன் அயற்கிராமங்களில் வாடகைக்குத் தங்கி, பகலில் மருத்துவமனைக்கு வந்து சிகிச்சை பெற்றனர். மரபுவழி மருத்துவரின் துணையையும் லம்போ ஒதுக்கவில்லை. கட்டடமும் ஆளணியும் போதாமை இம்முறைக்கு ஒரு காரணமாயினும், அது சமூகத்தை அறியும் களமாகவும் அமைந்தது.

1961 இல் அமெரிக்காவின் கோர்னெல் பல்கலைக்கழகத்து அலெக்சாண்டர் லெய்ட்டன் குழுவினருடன் இணைந்து லம்போ யொரூபா மக்களிடையே நடத்திய ஆய்வு 1963 இல் நூலாக வெளிவந்தது. இங்கு ஆய்வாளர் மருத்துவமனையில் காத்திராது ஊர்களுக்கே சென்றனர். மனச்சோர்வு என்பதற்கு நேரான ஒரு சொல் யொரூபா மொழியில் இல்லாதபோதும் அதன் அறிகுறிகளை மக்கள் நன்கு அறிந்திருந்தனர். அவ்வறிகுறிகள் அரியனவாகவும் இருக்கவில்லை. ஒரு மொழியிற் சொல் இல்லாமையால் துன்பமும் இல்லையென முடிவுசெய்தல் தவறு என்பது இதனாற் புலனாயிற்று.

அடுத்த கட்டம் உலக சுகாதார நிறுவனத்தின் உளப்பிளவு நோய் ஆய்வாகும். 1960களின் பிற்பகுதியில் தொடங்கிய இவ்வாய்வில் இபாதான், ஆக்ரா, காலி உட்பட ஒன்பது நிலையங்கள் பங்குபற்றின. 1,202 நோயாளர் ஆராயப்பட்டனர். ஒரே நோயாளியை இருவர் தனித்தனியே மதிப்பிட்டு முடிவுகளை ஒப்பிடுதல் போன்ற முறைகளில் உள்நாட்டு மருத்துவர் தேர்ச்சி பெற்றனர். இபாதானிலும் ஆக்ராவிலும் நோயாளர் ஒப்பீட்டளவில் நன்கு தேறினர் என்னும் முடிவு 1979 இல் வெளியானது. அதே ஆண்டில் அமெரிக்க ஆய்வாளரான நான்சி வக்ஸ்லரும் இலங்கை நோயாளர் பற்றி இதையொத்த முடிவினை வெளியிட்டார். கூட்டுக்குடும்பமும் எளிய வாழ்வும் நோயைத் தணிக்கும் என்னுங் கருத்து பரவலாயிற்று.

இகழ்ச்சி புகழ்ச்சியாக மாறியது. ஆனால் புகழ்ச்சியும் ஆராயப்படவேண்டியதன்றோ? 2008 இல் அலெக்ஸ் கோஹன், விக்ரம் பட்டேல் ஆகியோருடன் சென்னையைச் சேர்ந்த ஆர். தாராவும் இபாதானைச் சேர்ந்த ஓயே குரேஜேயும் இணைந்து, 11 நாடுகளில் நடந்த 23 ஆய்வுகளைத் தொகுத்து நோக்கினர். தேறும் விகிதம் நாட்டுக்கு நாடு பெரிதும் வேறுபடுவதையும், சிகிச்சையே பெறாதோர் பலர் இருப்பதையும் எடுத்துக்காட்டி, அப்பொதுமுடிவை ஐயத்துக்கு உட்படுத்தினர். குடும்பம் காக்கும் என்ற நம்பிக்கை, அரசு தன் கடமையிலிருந்து விலகுவதற்குச் சாட்டாகிவிடக்கூடும் என்பதை நாம் இங்கு உணர்தல் வேண்டும்.

தம் நாட்டை இழிவாகக் கூறியதை லம்போ மறுத்தார். தம் நாட்டுக்குச் சாதகமாகக் கூறியதையும் பின்வந்தோர் ஐயுற்றனர். முன்னதற்குத் தன்மானம் துணைநிற்கும். பின்னதற்கு ஆய்வு நேர்மை ஒன்றே துணை. எனவே, பயிற்சியின் முழுமையைப் பின்னதிலேயே காண்கிறோம்.

வெளிநாட்டுப் பயிற்சி வேண்டாதது என்பது இதன் பொருளன்று. லம்போவே இலண்டனிற் கற்றவர். ஆயின் கற்றவர் மீண்டு வந்து பணிபுரிய ஆரோவும் இபாதானும் இருந்தன. அத்தகைய நிலையங்கள் இன்றேல், பயிற்சி பெற்றோர் பிறநாடுகளுக்கே செல்வர். எஞ்சியோர் பிறருக்காகத் தரவு திரட்டுவோராவர். வெளியிலிருந்து வரும் வினாக்கொத்துகளைத் தமிழாக்கி ஊரூராகக் கொண்டுசெல்லும் பணி கலைப்பீட மாணவராகிய எமக்கும் புதியதன்று. அவ்வினாக்கள் எம்மவரின் துயரை உண்மையில் தொடுகின்றனவா எனக் கேட்கும் துணிவை எமது பல்கலைக்கழகங்கள் எமக்குக் கற்பித்தல் வேண்டும். அதனைக் கேட்கும் பொறுப்பு எம்முடையது.